நினைவேட்டின் நிறம் நிலைக்கட்டும்



சொந்த ஊரை விட்டுப் பெருநகரங்களில் குடியேறியிருக்கும் நம்மில் பலருடைய வீடுகளில், அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். ஊரில் எடுத்த பழைய புகைப்படங்கள், திருமண அழைப்பிதழ், தகப்பனார் எழுதிய கடிதம், பிள்ளையின் முதல் மதிப்பெண் அட்டை ஆகியவை அதற்குள் கிடக்கும். இவற்றை அழகிய காகிதங்களில் ஒட்டி, குறிப்புகள் எழுதி, ஓர் ஏடாகக் கட்டுவதையே ஸ்கிராப்புக் என்கிறார்கள். நாம் அதை நினைவேடு என்று அழைப்போம். விடுமுறை நாட்களில் பிள்ளைகளோடு அமர்ந்து செய்வதற்கு ஏற்ற கைவேலை இது. இதற்கு வீட்டில் எத்தகைய பிரிண்டர் வேண்டும் என்பதை இம்மாதம் பார்ப்போம்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஊரில் இருக்கும் என் மாமியாருடைய எழுபதாவது பிறந்தநாளுக்காக மும்பையில் இருந்தபடி ஒரு நினைவேடு செய்தோம். கடையில் இருந்தவற்றிலேயே விலை குறைந்த பிரிண்டரை வாங்கினோம். மறைந்த மாமனாருடைய ஒரே புகைப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு முதல் பக்கத்தில் ஒட்டினோம். அத்தை அதைப் பெற்றுக்கொண்டு பூரித்துப்போனார்கள். அடுத்த மழைக்காலத்தில் நாங்கள் ஊருக்குச் சென்றபோது, பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு ஓடிவந்து ஏட்டைத் திறந்து, அந்த முகத்தை வருடினார்கள். கறுப்பும் நீலமும் கரைந்து, முகம் விரலோடு வந்துவிட்டது. அசல் படத்தையோ அதற்குள் கறையான் அரித்துவிட்டிருந்தது.

அத்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அவருடைய முகம் எனக்கு மறக்காது, அம்மா. பேரப்பிள்ளைகளுக்குத்தான் இனித் தெரியாமல் போய்விடும்" என்று மட்டும் சொன்னார்கள். அந்த வார்த்தை என்னை வெகுநாள் உறுத்தியது. பிரிண்டரின் விலையை விசாரித்த நான், மையைக் குறித்து ஒரு வார்த்தையும் விசாரிக்கவில்லையே!

மையை விசாரியுங்கள்

வீடுகளில் பயன்படும் பிரிண்டர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. லேசர் பிரிண்டர் உலர்ந்த பொடியை வெப்பத்தால் காகிதத்தில் உருக்கி ஒட்டுகிறது. எழுத்து கூர்மையாக விழும்; தண்ணீரில் கரையாது. ஆனால் புகைப்படத்தின் மென்மையான நிறபேதங்கள் அதில் நன்றாக அமைவதில்லை. சொரசொரப்பான காகிதத்தில் பொடி சரியாகப் பிடிப்பதுமில்லை. இங்க்ஜெட்டுக்கென்று விற்கப்படும் பளபளப்பான போட்டோ காகிதத்தை லேசரில் செலுத்தவே கூடாது. அதன் பூச்சு வெப்பத்தில் உருகி இயந்திரத்தைக் கெடுத்துவிடும்.

இங்க்ஜெட் பிரிண்டர் திரவ மையை நுண்துளிகளாகத் தெளிக்கிறது. நினைவேட்டுக்கு இதுவே ஏற்றது. ஆனால் அந்த மையிலும் இரண்டு வகை உண்டு. டை மை என்பது நீரில் முழுவதும் கரைந்த சாயம். நிறம் பளிச்சென்று இருக்கும். ஆயினும் பல காகிதங்களில் ஈரம் பட்டால் கலைந்துவிடும், வெளிச்சத்தில் விரைவில் மங்கும். பிக்மென்ட் மை என்பது கரையாத நுண்துகள்கள் கலந்தது. அது ஈரத்தையும் வெளிச்சத்தையும் அதிகமாகத் தாங்கும். பளபளப்பற்ற மேட் காகிதத்திலும் தடித்த அட்டையிலும் நன்றாக நிற்கும். பல வீட்டுப் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட்டாகவும், மற்ற மூன்று நிறங்களும் டையாகவும் இருக்கின்றன. ஆகவே, "நான்கு நிறங்களுமே பிக்மென்ட்டா?" என்று கடைக்காரரிடம் தெளிவாகக் கேளுங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் காகிதத்தில் இரண்டு தாள்களைக் கையோடு கொண்டுசென்று, அங்கேயே அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். நன்றாக உலர்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். விளம்பரம் சொல்லாததை அந்தச் சொட்டு சொல்லிவிடும்.

காகிதம் செல்லும் வழி

நாம் சாதாரணமாக அச்சிடும் தாள் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். எடையுள்ளது. நினைவேட்டின் அட்டைகளோ 160 முதல் 300 ஜி.எஸ்.எம். வரை இருக்கும். காகிதத்தை முன்பக்கத் தட்டில் வைக்கும் பிரிண்டர்களில் பல, அதை உள்ளே வளைத்துத் திருப்பி வெளியே அனுப்புகின்றன. தடித்த அட்டை அவற்றில் சிக்கிக்கொள்ளும். பின்பக்கத்தில் இருந்து காகிதம் அதிகம் வளையாமல் இறங்கும் பிரிண்டரே நமக்கு நல்லது. அது எத்தனை ஜி.எஸ்.எம். தாங்கும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவிலும் ஏமாந்துவிடாதீர்கள். பெரிய நினைவேடுகள் 12 அங்குலச் சதுரம். அதாவது ஏறக்குறைய 305 மில்லிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர்தான். விலை அதிகமுள்ள ஏ3 பிரிண்டரை வாங்கினாலும் அதன் அகலம் 297 மில்லிமீட்டர், அதுவும் போதாது. 329 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ3 பிளஸ் தாளை ஏற்கும் இயந்திரம் வேண்டும். இவ்வளவு செலவு எதற்கு? 8 அங்குல ஏட்டைத் தெரிந்துகொண்டால் சாதாரண ஏ4 பிரிண்டரே போதும்.

காகிதத்தையும் கவனித்து வாங்குங்கள். செய்தித்தாள் சில மாதங்களில் பழுப்பதைக் கண்டிருக்கிறோம். மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருளும் அமிலமும் அதற்குக் காரணம். ஆகையால் அமிலமற்ற காகிதம் என்று குறிக்கப்பட்டதையே கேளுங்கள். டில்லியில் சாவ்ரி பஜார், பெங்களூரில் சுல்தான்பேட்டை, சென்னையில் ஆண்டர்சன் தெரு ஆகிய இடங்களில் பலவகைக் காகிதங்கள் கிடைக்கும். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரிலும் புதுச்சேரியிலும் பருத்தித் துணிக் கழிவுகளிலிருந்து செய்யப்படும் கைக்காகிதம் மிக அழகானது. அதை அச்சிடுமுன் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். இல்லாவிடில் உதிரும் நார்கள் பிரிண்டரின் மைத்துளைகளை அடைத்துவிடும்.

செலவைக் கணக்கிடுங்கள்

கார்ட்ரிட்ஜ் பிரிண்டரின் விலை குறைவு, மையின் விலை அதிகம். டேங்க் பிரிண்டரிலோ இது தலைகீழ். 2010-ஆம் ஆண்டு எப்சன் நிறுவனம் இந்தோனேசியாவில் அறிமுகம் செய்த இம்முறையைப் பின்னர் மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. ஒரு பாட்டிலுக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் என்று பெட்டியில் எழுதியிருப்பது, பக்கத்தின் சிறு பகுதியில் மட்டுமே மை படும் மாதிரித் தாள்களைக் கொண்டு கணக்கிடப்பட்டது. நாமோ தாள் முழுவதையும் நிறத்தால் நிரப்புகிறோம். பல மடங்கு மை செலவாகும். மேலும், இங்க்ஜெட்டைப் பல வாரங்கள் சும்மா வைத்தால் மை உலர்ந்து துளைகள் அடைபடும். வாரத்துக்கு ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிட வேண்டும்.

வருடத்துக்குப் பத்துப் பக்கம் மட்டுமே தேவைப்படும் குடும்பம் பிரிண்டர் வாங்காமலிருப்பதே ஞானம். புகைப்படங்களை நல்ல கலர் லேபில் கொடுத்து, உண்மையான போட்டோ காகிதத்தில் எடுத்துக்கொள்ளலாம். பிரிண்டர் வைத்திருப்பவர்களும் அலங்காரக் காகிதத்தையும் குறிப்புகளையும் வீட்டில் அச்சிட்டு, முக்கியமான முகங்களை லேபில் எடுப்பது நலம்.

வாங்குவதென்று தீர்மானித்தால் ஸ்கேனரும் இணைந்ததையே வாங்குங்கள். சிறிய பழைய படங்களை 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை ஊரிலுள்ள உறவினரிடமும் கொடுத்துவையுங்கள். அதே ஸ்கேனர் கண்ணாடியில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையையோ, பட்டின் கரையையோ சுருக்கமில்லாமல் விரித்து ஸ்கேன் செய்யலாம். நிறத்தைச் சற்று வெளிறச் செய்து அச்சிட்டால், எந்தக் கடையிலும் கிடைக்காத அலங்காரக் காகிதம் ஆயத்தம்! மையும் மிச்சமாகும்.

மாமனாருடைய படத்தை நாங்கள் முன்பு ஒரு சி.டி.யில் பதிவு செய்திருந்தோம். வெகுவாகத் தேடி அதைக் கண்டெடுத்தோம். இம்முறை லேபில் பிரதி எடுத்து, அத்தையின் திருமணச் சேலைக் கரையை அச்சிட்ட அமிலமற்ற அட்டையில் பொருத்தினோம். அத்தை ஏட்டை வாங்குமுன் முந்தானையில் இரு கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டார்கள். "இனித் தொட்டாலும் ஒன்றும் ஆகாது, அத்தை" என்றேன். அவர்கள் கடைசிப் பேரனை அழைத்து, அவனுடைய விரலைப் பிடித்து அந்த முகத்தின் மேல் வைத்தார்கள்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டு டின்னை இந்த வாரமே இறக்கி, முதலில் அந்தப் படங்களை ஸ்கேன் செய்துவிடுங்கள். பிரிண்டரைப் பின்னர் நிதானமாகத் தெரிந்துகொள்ளலாம்.