செஞ்சிக் கோட்டை பக்கத்துல வீடா? கூரை ஒழுகினா சரி செய்யலாமா? விதி இதுதான்!

ஓடு உடைஞ்சு வீடு ஒழுகுது. ஆனா 'கோட்டைக்குப் பக்கத்துல எதையும் தொடக்கூடாது' என்று சொல்லி பயமுறுத்துகிறார்கள். இது உண்மையா?

யுனெஸ்கோதான் காரணமா?

இல்லை. 2025 ஜூலையில் மராத்தா கோட்டைகள் 12 உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 11 மகாராஷ்டிராவில், மீதி ஒன்று செஞ்சி. ஆனால் வீடுகளுக்கான கட்டுப்பாடு 2010-ல் திருத்தப்பட்ட 1958-ம் ஆண்டு தொல்லியல் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

எவ்வளவு தூரம்?

பாதுகாக்கப்பட்ட எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு மேல் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. மலை உச்சியில் இருந்து அளந்தால் கணக்கு தப்பு.

எது செய்யலாம்?

100 மீட்டருக்குள் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீடு என்றால், அனுமதி வாங்கிப் பழுதுபார்க்கலாம். மேலே மாடி எடுக்க முடியாது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 200 மீட்டர் பகுதியில் புதுக் கட்டுமானத்துக்கும் அனுமதி கேட்கலாம்.

தள்ளிப்போட்டால்?

அதில்தான் ஆபத்து. கூரை ஒழுகி, சுவர் ஊறி, வீடே விழுந்துவிட்டால் திரும்பக் கட்டுவது 'பழுதுபார்ப்பு' ஆகாது. 100 மீட்டருக்குள் மறுகட்டுமானத்துக்கு அனுமதி கேட்கவே சட்டத்தில் வழியில்லை.

எப்போது விண்ணப்பிப்பது?

மனுவை தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப 15 நாள், ஆணையம் கருத்து சொல்ல 2 மாதம், முடிவெடுக்க 1 மாதம் எனச் சட்டம் அவகாசம் தருகிறது. ஆக மூன்றரை மாதம். அக்டோபர் மழைக்கு முன்னாடி வேலை முடியணும்னா, கோடையிலேயே மனு போட்டுடணும்.

சந்துக்குள் வீடு, இடமே இல்லையா?

* கூரையை மொத்தமாகப் பிரிக்காதீங்க. ஒரு பகுதியை முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போங்க. தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும்.
* அன்றைக்குத் தேவையான ஓடு, மணலை மட்டும் இறக்குங்க. உடைந்த ஓட்டைச் சாக்கில் கட்டி அன்றே அப்புறப்படுத்துங்க.
* சாரம் கட்டும் முன் பக்கத்து வீட்டாரிடம் பேசிடுங்க. ஆள் போக வழி விடுங்க. மின்கம்பி உரசுகிறதா என்று பாருங்க.
* கோட்டைச் சுவரில் சாரத்தைச் சாய்க்கவே கூடாது. பழமைச் சின்னத்தைச் சேதப்படுத்துவது தனிக் குற்றம்.

அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் முதல் ஓட்டைக் கழற்ற வேண்டும்.