சேறு வீணன்று

‘பயனற்ற நிலம்’ என்பது சிங்கப்பூரில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். கண்டல் மரமும் நண்டு வளையும் நிறைந்த கழிமுகச் சேற்றுக்கே இப்பெயர் பெரிதும் சூட்டப்பட்டது. நிலத்தைத் தூர்க்கும் முன் அதன் பெயரைக் கெடுத்துவிடுவது எளிய வழியன்றோ?

மார்ச், ஏப்ரல் மாதங்களில் சுங்கை பூலோவின் சேற்றுப்பரப்பைக் காண்பவர் அச்சொல்லைச் சொல்லக் கூசுவர். மங்கிய நிறத்தில் இருந்த பசிபிக் பொன்னிற உப்புக்கொத்திக்கு அப்போது மார்பும் வயிறும் கருமை கொள்கின்றன. பவளக்காலிகளும் சிறு கோட்டான்களும் ஓயாது சேற்றைக் குத்திப் புழுவும் நண்டும் தேடுகின்றன. வடக்கே நெடுந்தொலைவு, சில சைபீரியா வரையிலும், பறந்து முட்டையிட வேண்டிய இவற்றுக்கு உடலில் சேரும் கொழுப்பே கட்டுச்சோறு. கிழக்காசிய – ஆஸ்திரலேசியப் பறவைவழி எனப்படும் இப்பெருவழி 22 நாடுகளைத் தொட்டுச் செல்கிறது. 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் அதனை நம்பியுள்ளன.

தென்குமரியில் ஆடி வடக்கே திரும்பும் நாரையைத் தூது விட்டவர் சத்திமுத்தப் புலவர். வழியில் தம் ஊர் வாவியில் தங்கிச் செல்லுமாறு அவர் அதனிடம் வேண்டினார். வறுமையில் வாடிய அப்புலவருக்குப் பல கவலைகள் இருந்தன. வாவி தூர்ந்து போயிருக்குமோ என்ற கவலை மட்டும் இருக்கவில்லை. அந்தக் கவலையை இந்த நூற்றாண்டு அளித்திருக்கிறது.

“தீவில் 17 நீர்த்தேக்கங்கள் இருக்க, பறவைக்கு நீருக்கா பஞ்சம்?” என்பார் உளர். கரைப்பறவைக்கு வேண்டுவது நீரன்று. நீர் வடிந்த சேறு. கடல் நாள்தோறும் ஏறி இறங்கும் இடத்தில்தான் அதன் உணவு வெளிப்படும். கிராஞ்சிக் கழிமுகம் 1975இல் அணையால் மூடப்பட்டது. சிராங்கூன் கழிமுகம் 2011இல் நீர்த்தேக்கமாயிற்று. குடிநீரின் தேவையை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் ஆழ்ந்த நன்னீரைக் காட்டி, இழந்த சேற்றுக்கு ஈடு என்பது, சோற்றுப்பானையைப் பறித்துக்கொண்டு நீர்க்குடத்தை நீட்டுவது போன்றதே.

“இவ்விடம் போனால் பறவை வேறிடம் போகும்” என்பது அடுத்த வாதம். தென்கொரியாவின் சேமாங்கும் இதற்கு விடை கூறும். 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006இல் அக்கழிமுகத்தை அடைத்தது. அங்கு இளைப்பாறி வந்த பெரிய நாட் என்னும் உள்ளான் இனத்தில் பல்லாயிரம் பறவைகள் வேறெங்கும் சென்று சேரவில்லை. அவற்றின் தொகையே வீழ்ந்தது. 2015இல் அவ்வினம் அழியும் நிலையிலுள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது.

“சிறிய நாட்டில் இதற்கெல்லாம் இடமேது?” என்போருக்குச் சுங்கை பூலோவே மறுமொழி. கைவிடப்பட்ட இறால் குளங்களில் பறவைகள் திரள்வதை 1986இல் மலாயா இயற்கைக் கழகத்தார் கண்டறிந்து, அதனைக் காக்குமாறு வேண்டினர். அரசு செவிசாய்த்தது. 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்ட அவ்விடம் 2002இல் 130 ஹெக்டர் இயற்கைக் காப்பகமாயிற்று. இறால் வளர்க்க அமைத்த மதகுகளைக் கொண்டே, பறவைக்கு ஏற்ற அளவில் அங்கு நீர் நிறுத்தப்படுகிறது. ஆகவே குறை இடத்தில் இல்லை, மனத்தில் உள்ளது.

ஒரு காப்பகத்தைக் காட்டி மனநிறைவு கொள்வதும் தகாது. புலாவ் உபினின் செக் ஜாவாவைத் தூர்க்கும் திட்டம் 2001இல் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பு வேறு, கைவிடுதல் வேறு. தவணை கொடுத்த கடன்காரன் என்றேனும் வாசலில் வந்து நிற்பான்.

இதுகாறும் சேற்றின் பயனை மெய்ப்பிக்கும் சுமை பறவையை நேசிப்போர் தலைமேல் இருந்துவந்தது. இனி அது தூர்க்க முனைவோர் தலைக்கு மாறட்டும். பறவைக்கு வேறிடம் உண்டு என்பவர், முதலில் அவ்விடத்தைக் காட்டட்டும். பிறகு மண்ணைக் கொட்டட்டும்.