சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய வீடு

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் மாணவரின் ஆய்வேடும், களத்தில் திரட்டிய பாடலும், நாம் எழுதும் பாடக்குறிப்பும் இன்று கணிப்பொறிக்குள்ளேயே உறைகின்றன. அது ஒருநாள் கண் திறக்க மறுத்தால் என் செய்வது என்பதைத் தமிழ் பயில்வோரும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. இக்கருத்துக்கு நாம் விலை கொடுத்திருக்கிறோம்.

நெய்க்காரப்பட்டியில் நம் இல்லத்தில் இரு மடிக்கணினிகள் உண்டு. ஒன்று புதியது; விண்டோஸ் 11 இயங்குவது. மற்றொன்று நம் மூத்த மகள் பள்ளியில் பெற்ற அரசு மடிக்கணினி. 2011-இல் தொடங்கப்பெற்ற அத்திட்டத்தின் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றிருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இயக்கமுறைமை. பலரும் அதனைத் திறந்தும் பாரார். நம் வீட்டுப் பழங்கணினியில் விண்டோஸ் என்றோ மாண்டுபோக, லினக்ஸ் மட்டும் உயிரோடிருந்தது.

புதிய கணினி ஒரு மாலை விழவில்லை, நனையவில்லை, நின்றுவிட்டது. மீண்டும் விண்டோஸ் நிறுவ வேண்டும். நிறுவுவதற்குரிய பென் டிரைவை ஆக்க மைக்ரோசாப்ட் தரும் கருவியோ விண்டோசில் மட்டுமே இயங்கும்! பலரும் புகழும் ரூஃபஸ் என்னும் மென்பொருளும் அவ்வாறே. மேக் கணினிக்கு ஆப்பிள் தரும் கருவியும் மேக்கில்தான் இயங்கும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, வெளியே நிற்பவனிடம் சாவி எங்கே என்று கேட்கும் கதை இது. நியாயம் கூறவேண்டுமாயின், ஐ.எஸ்.ஓ. என்னும் முழுப் பிம்பக் கோப்பை மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து எவரும் நேரே இறக்கிக்கொள்ளலாம். இறக்கினோம்.

லினக்ஸ் பதிப்புகள் பலவற்றின் ஐ.எஸ்.ஓ. கோப்பு, வட்டிலிருந்தும் பென் டிரைவிலிருந்தும் தொடங்கும் வண்ணம் இருநிலைக் கலப்பாக அமைக்கப்பட்டது. 'டிடி' என்னும் ஒற்றைக் கட்டளையால் அதனைப் பென் டிரைவில் படியெடுத்தால் போதும். விண்டோஸ் பிம்பமும் அவ்வாறே என்று கருதி அக்கட்டளையை இட்டோம். இரு பிழைகள் ஒருங்கே நேர்ந்தன. விண்டோஸ் பிம்பம் அவ்விதம் அமைந்ததன்று. ஆகவே அது தொடங்காது. இது சிறு பிழை. அன்று கணினியில் 16 ஜி.பி. பென் டிரைவுகள் இரண்டு செருகியிருந்தன. எஸ்.டி.சி. என்று எழுதவேண்டிய இடத்தில் எஸ்.டி.பி. என்று எழுதினோம். ஓரெழுத்துத்தான். 'டிடி' உறுதி கேட்பதில்லை, சொன்னதைச் செய்யும். மற்றதில் இருந்தவை, பழனி வட்டாரத்து மூதாட்டியர் மூவரிடம் நாம் பதிந்த தாலாட்டுகள். மேலெழுதப்பட்ட பகுதிக்கு அப்பால் கிடந்தவற்றை மீட்பு மென்பொருளால் எடுத்தோம். ஏழு பாடல்கள் மட்டுமே தேறின.

மறுநாள் ஆறுதலாகப் பயின்றோம். இன்றைய கணினியின் தொடக்க நிரலாகிய யூ.ஈ.எஃப்.ஐ. எல்லாக் கணினியிலும் ஐயமின்றிப் படிக்கவல்லது ஃபேட் 32 என்னும் கோப்பமைப்பு. அதிலோ ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட்டுகளே உண்டு, 4 ஜி.பி.யை எட்டும் கோப்பு அதனுள் அடங்காது. விண்டோஸ் 11-இன் 'இன்ஸ்டால் டாட் விம்' என்னும் பெருங்கோப்போ அதனை மிஞ்சுவது. 'விம்லிப்' என்னும் கட்டற்ற மென்பொருள் அதனை 3,800 எம்.பி.க்கு மிகாத துண்டுகளாக்கித் தருகிறது. நிறுவும் நிரலே அவற்றைச் சேர்த்துப் படித்துக்கொள்கிறது. அரபுத்தமிழ் எழுதிய நம் முன்னோர், அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புது எழுத்துகளை ஆக்கிக்கொண்டதை நினைத்துக்கொண்டோம். கலம் வேறு என்பதற்காக அவர்கள் எழுதாமல் இருந்துவிடவில்லை. 2020-இல் வெளிவந்த வென்டாய் என்னும் மென்பொருளைப் பென் டிரைவில் ஒருமுறை நிறுவினால், பின்னர் ஐ.எஸ்.ஓ. கோப்புகளை வெறுமனே இட்டுவைத்தாலே போதும் என்பதையும், அது லினக்சிலும் கிடைக்கும் என்பதையும் எல்லாம் முடிந்த பின்னரே அறிந்தோம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழங்கணினிகள் பல விண்டோஸ் 11-ஐ ஏலா. அவை குப்பைக்குப் போகவேண்டியவை என்பாரோடு நாம் உடன்படோம். லினக்ஸ் நிறுவினால் தட்டச்சுக்கும் படிப்புக்கும் அவை இன்னும் பல்லாண்டு உதவும். கேரளம் தன் பள்ளிகளுக்கெனத் தனி லினக்ஸ் பதிப்பையே பேணி வருகிறது. நம் கல்லூரி மாணவர் வீடுகளில் உறங்கும் அரசு மடிக்கணினிகளை ஒருநாள் கொணரச் செய்து, கணிப்பொறித் துறையினரோடு தமிழ்த்துறையும் அமர்ந்து அவற்றை எழுப்ப இயலாதா? செய்முறையைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பை நாம் ஏற்கிறோம். முதற்பக்கத்தில் ஒன்றே இருக்கும்: வேண்டாத பென் டிரைவுகளை எல்லாம் உருவி எடுத்த பின்னரே கட்டளையைத் தொடுக.

பாடிய மூதாட்டியருள் இருவரிடம் மீண்டும் சென்று பதிந்துவந்தோம். மூன்றாமவர் அதற்குள் காலமாகிவிட்டார். எஞ்சிய ஏழு பாடல்களுள் அவருடையவை இரண்டு.