மூன்று கனசதுரங்களும் ஒரு விடைத்தாளும்

தேர்வுக் காலத்தையும் ஆராய்ச்சியையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று புதிதாகப் பணியில் சேரும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சமாளிக்கவில்லை என்பதே நேர்மையான பதில். ஒன்றிலிருந்து திருடித்தான் மற்றொன்றைச் செய்கிறோம். எதிலிருந்து திருடுகிறோம் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான் கட்டுமானப் பொறியியல் துறையைச் சேர்ந்தவன். நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட் என் ஆய்வுப் பொருள். கான்கிரீட்டுக்குப் பல்கலைக்கழக நாட்காட்டி தெரியாது. வார்த்த 28ஆம் நாள் அதன் வலிமையைச் சோதித்தாக வேண்டும். சாம்பல் கலந்தது மெதுவாகவே வலுப்பெறும் என்பதால் 56ஆம் நாளும் 90ஆம் நாளும் உண்டு. அக்டோபர் 31இல் வார்த்தால் நவம்பர் 28இல் தொட்டியிலிருந்து எடுத்தே தீர வேண்டும். நவம்பரும் டிசம்பரும் எங்களுக்குப் பருவத் தேர்வு மாதங்கள். ஏப்ரல், மே தேர்வு மட்டும் சும்மா விடுமா? மார்ச் 31உடன் நிதியாண்டு முடிகிறது. ஆய்வுத் திட்டப் பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதி நிமிர்வதற்குள் அது வந்து நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு 28ஆம் நாளில் நான் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். ஆய்வு மாணவர் தனியாகச் சோதனை செய்தார். மூன்று கனசதுரங்கள், 31, 33, 25 என வலிமைகள் வந்தன. இந்தியத் தர விதி ஐஎஸ் 456இன்படி மூன்றின் சராசரியே முடிவு. ஆனால் எந்தவொன்றும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. 25 விலகியிருந்தது. "சார், செட்டே போச்சு" என்று தொலைபேசியில் சொன்னார். மீண்டும் வார்க்க வேண்டும், மீண்டும் 28 நாள். அந்த எரிச்சலோடு மேசைக்குத் திரும்பி மிச்சமிருந்த தாள்களைத் திருத்தி முடித்தேன். எவ்வளவு வேகமாக என்று கேட்காதீர்கள்.

அடுத்த பிப்ரவரியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, வேறொரு கல்லூரி மாணவி, தன் விடைத்தாளின் நகலோடு வீட்டுக்கு வந்தாள். தேர்ச்சிக்கு நான்கு மதிப்பெண் குறைவு. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டாள். "கடைசிப் பக்கத்தை யாருமே பார்க்கலை போலிருக்கு சார்." உண்மைதான். 13 மதிப்பெண் வினாவுக்கு அவள் எழுதிய விடை பின்பக்கத்தில் தொடர்ந்தது. அங்கே ஒரு கோடுகூட இல்லை. திருத்தியவரின் பெயர் நகலில் இல்லை. ஆனால் சரிக்குறியின் வாலை நீட்டி மேலே வளைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உண்டு. விண்ணப்பிக்கும்படி சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. பணம் கட்டினாள், தேறினாள். என் பிழைக்கு அவள் கட்டணம் செலுத்தினாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு கான்கிரீட் கட்டியை நம்ப மறுத்து மூன்றைக் கேட்கிறோம். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் முடிவையே தூக்கி எறிகிறோம். மாணவியின் ஓராண்டு உழைப்பை ஒரே ஆள், ஒரே முறை, களைத்த பிற்பகலில் பார்த்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

இது தனிமனித ஒழுக்கக் குறைவு மட்டும்தானா? என் பங்கை மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் வருவது எது என்றும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும் மற்றவர்களுக்கு 14 மணி நேரமும் நேரடிக் கற்பித்தல் என வகுத்தன. 2016இல் தொடங்கிய தேசியத் தரவரிசை, பொறியியலில் ஆராய்ச்சிக்கும் தொழில்சார் பணிக்கும் நூற்றுக்கு 30 பங்கு தந்தது. கடைசிப் பக்கம் வரை படித்தவருக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது. ஆகவே நேரம் போதாதபோது எது குறையும் என்பதில் வியப்பில்லை. நேர மேலாண்மைப் பயிலரங்குகள் இதைத் தீர்க்கப்போவதில்லை. (மூன்றில் கலந்துகொண்டிருக்கிறேன். மதிய உணவு நன்றாக இருந்தது.)

தேர்ச்சி எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் ஒவ்வொரு தாளையும், முடிவு வெளியாகும் முன்பே, பல்கலைக்கழகத்தின் செலவில் இரண்டாமவர் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. முடிவு ஒரு வாரம் தாமதமாகும் என்பார்கள். ஆகட்டும். கான்கிரீட்டுக்காக 28 நாள் காத்திருப்பவர்கள்தானே நாம்?

இந்த ஆண்டு அக்டோபரில் வார்ப்பு கிடையாது, முகாம் முடிந்து ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இப்போதைய ஆய்வு மாணவரிடம் சொல்லியிருக்கிறேன். அவருடைய முனைவர் பட்டம் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். சரி சார் என்றார். முகம் சரியாக இல்லை.