மிதக்கும் பேரங்காடிக்கு நான் வரவில்லை



கடந்த வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு சிறு சொற்போர் மூண்டது. இவ்வாண்டு பணி ஓய்வு பெறுபவர் மூவர். அவர்களுள் அடியேனும் ஒருவன். மூவரும் துணைவியரோடு ஐரோப்பாவில் ஒரு வாரம் கப்பலில் சென்றுவர வேண்டும் என்பது நெடுநாள் பேச்சு. ஏற்பாட்டுப் பொறுப்பை ஏற்ற இளைய நண்பர் பயண முகவரின் வண்ண மடலை மேசைமீது விரித்தார். இருபது மாடி, நீர்ச்சறுக்கு, சூதாட்ட அரங்கு, பனிச்சறுக்குக் கூடம், எண்ணி முடியாத உணவகங்கள்! "ஐயா, இந்த விலைக்கு இவ்வளவும் வேறெங்கே கிடைக்கும்?" என்றார். "நாற்பது பேர் மட்டுமே செல்லும் சிறு கப்பல் ஒன்றைப் பார்ப்போமே" என்றேன். அறையே சிரித்தது. அது வெள்ளைக்காரச் செல்வந்தர்களின் விளையாட்டாம். நமக்கு ஏற்றது பெரியதாம்.

அந்தச் சிரிப்புக்கு விடையாகத்தான் இந்த இடுகை.

முதலில் 'பெரியது' என்றால் எவ்வளவு பெரியது? 2024 ஜனவரியில் கடலுக்கு வந்த 'ஐக்கன் ஆஃப் தி சீஸ்' என்னும் கப்பல் அறைக்கு இருவர் என்றால் 5,610 பேரையும், நிரம்ப ஏற்றினால் ஏறத்தாழ 7,600 பேரையும் கொள்ளும். பணியாளர் வேறு. நம் தோட்டப்புறச் சிற்றூர்கள் எத்தனையை அதனுள் அடக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். இதைப் பெருமையாக 'மிதக்கும் நகரம்' என்கிறார்கள். நகரத்தில் வாழத்தான் கோலாலம்பூர் இருக்கிறதே! அதற்கு எதற்குக் கடல்?

என் பாட்டனார் நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்கு வந்தவர். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. பாயை விரித்த இடமே படுக்கை. சோற்றுக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை. அவருக்கு வேறு வழியில்லை, வந்தார். பேரனாகிய நான் ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொடுத்து, ஐயாயிரம் பேரோடு மீண்டும் வரிசையில் நிற்க வேண்டுமா? (ஒப்புமை மிகை என்பீர்கள். படுக்கை மட்டும் மெத்தையாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.)

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய பெருங்கப்பல் ஒன்றில் குடும்பத்தோடு சென்றிருக்கிறேன்; ஆகவே கேள்விப்பட்டதை வைத்துப் பேசவில்லை. ஓர் ஊரில் துறை ஆழம் போதாமல் கப்பல் தொலைவில் நங்கூரமிட்டது. சிறு படகுகளில் கரைக்கு இறக்கினார்கள். கணக்குப் பாடம் எடுப்பவரைக் கேளுங்கள்: மூவாயிரம் பேர், படகுக்கு நூறு பேர் என்றால் முப்பது நடை. எங்கள் எண் அழைக்கப்பட்டபோது முற்பகல் முடிந்திருந்தது. மாலை நான்கு மணிக்குள் திரும்பவேண்டும் என்று கட்டளை. கரையில் நான் பார்த்தது காந்தப் பொம்மைக் கடைகளையும், என்னோடு இறங்கிய கூட்டத்தின் முதுகையுமே.

ஊரில் அதிக நேரம் விடமாட்டார்கள் என்பதற்கு வணிகக் காரணம் உண்டு. சீட்டு மலிவாக இருப்பதே, உள்ளே நீங்கள் செலவழிப்பீர்கள் என்ற கணக்கில்தான். மதுக்கூடம், சூதாட்டம், கடைத்தெரு, இணையம், 'சிறப்பு' உணவகம் எல்லாவற்றிலும் வருமானம். நீங்கள் கரையில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கு இழப்பு. மடலில் கண்ட அத்தனை உணவகங்களுள் பல தனிக்கட்டணத்துக்கு உரியவை. நாள்தோறும் பணியாளர் அன்பளிப்பும் கணக்கில் ஏறும். இறங்கும் நாளில் கிடைக்கும் விலைச்சீட்டையும் சேர்த்துக் கூட்டிவிட்டுப் பிறகு 'மலிவு' என்று சொல்லுங்கள்.

உணவைப் பற்றி நம்மவர் பேசும்போது அளவைத்தான் பேசுகிறார்கள், சுவையைப் பேசுவதில்லை. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே அடுக்களையில் சமைத்து, இரண்டு பந்தியாகப் பரிமாறும்போது, கப்பல் நிற்கும் ஊருக்கும் தட்டில் விழும் உணவுக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? புறப்பட்ட துறையில் ஏற்றிய சரக்குதான் பெரும்பாலும். எந்த ஊரில் நின்றாலும் அதே கோழி, அதே ரொட்டி, அதே நிறமற்ற 'இந்தியக் குழம்பு'.

இனி நான் சொல்லும் மாற்று. குரோவாசியாவின் அட்ரியாட்டிக் கரையில், ஸ்பிலிட்டுக்கும் துப்ரோவ்னிக்குக்கும் இடையே, சிறு பயணக் கப்பல்கள் பல ஓடுகின்றன. இருபது அறை அளவு, நாற்பது பேருக்குள். வழக்கமாக ஒரு வாரப் பயணம். காலையும் நண்பகலும் கப்பலிலேயே உணவு. பெரும்பாலான இரவுகளில் ஊருக்குள் சென்று நாமே தேடி உண்ணவேண்டும். இரவில் துறையிலேயே கட்டி நிற்பதால் பொறியின் இரைச்சல் இல்லை. இடம் போதாவிட்டால் ஒன்றையொட்டி ஒன்றாகக் கட்டுவார்கள். அடுத்த கப்பலின் தளத்தைக் கடந்துதான் கரை ஏற முடியும். எனக்கு அதுவே பிடித்தது; அயல்வீட்டு முற்றத்தைக் கடப்பது போல!

எங்கே நிற்கும் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. வாரின் பெயர்பெற்ற நகரை விட்டு, அதே தீவின் ஸ்தாரிகிராதில் நிற்கும் பயணத்தைத் தேடுங்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கர் பகுத்த வயல்களில் இன்றும் திராட்சையும் ஒலிவமும் விளைகின்றன. அச்சமவெளி உலக மரபுச் சின்னமானது 2008-இல். நம் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் அதே ஆண்டில்தான் பட்டியலில் ஏறின. விஸ் தீவு யூகோஸ்லாவியப் படைத்தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவருக்கு மூடியே கிடந்தது. அங்கே பெரிய விடுதிகள் பெருகாமல் போனது அதனால்தான். மிலியெத்தில் 1960 முதல் தேசியப் பூங்கா. உப்புநீர் ஏரி, அதன் நடுவே தீவு, தீவில் பழைய துறவிமடம். மாலையில் ஊர்மக்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரும் நேரத்தில் நீங்களும் அங்கே இருப்பீர்கள். பெருங்கப்பல்காரர் அந்நேரம் தம் கப்பலில் நடன நிகழ்ச்சிக்கு இடம் பிடித்துக்கொண்டிருப்பார்.

பெருங்கப்பல்களை ஊர்களே வெறுக்கத் தொடங்கிவிட்டன என்பதையும் நண்பர்கள் அறியவேண்டும். வெனிசு நகரின் நடுக்கால்வாய் வழியே 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் செல்வதை 2021 ஆகஸ்டில் இத்தாலி தடை செய்தது. துப்ரோவ்னிக் 2019-இல், ஒரே நேரத்தில் இரண்டு கப்பல், நாலாயிரம் பயணி என்று வரம்பு கட்டியது. விருந்தாளியைக் கண்டு வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிறார் என்றால், குறை வீட்டுக்காரரிடமா?

எதிர்வாதங்களை மறைக்க மாட்டேன். நாள்வாடகையை மட்டும் பார்த்தால் சிறு கப்பலே விலை கூடியது. துறைமுகக் கட்டணமும் குடிபானமும் பெரும்பாலும் தனி. மின்தூக்கி இல்லாதவை மிகுதி, படிகள் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தள அறையை மலிவென்று எடுக்க வேண்டா. 'பூரா' என்னும் வடகிழக்குக் காற்று வீசினால் தலைவர் புறப்பட மறுத்துவிடுவார், திட்டம் மாறும். மரக்கறி உண்பவர்கள் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்கவேண்டும். நாற்பது பேரில் உங்களைச் சமையற்காரருக்கு முகம் தெரியும். ஆனாலும் உருளைக்கிழங்கோடு பூண்டும் ஒலிவ எண்ணெயும் சேர்த்த 'பிலித்வா' கீரையே மூன்றாம் நாளும் வந்தால் வியக்காதீர்கள். மீன் உண்பவர்களுக்குத்தான் அது திருநாடு. சம்பல் புட்டியை எடுத்துச் செல்வது குற்றமன்று.

தமிழில் நாவாய், வங்கம், கலம், தோணி, ஓடம், அம்பி என்று எத்தனை சொற்கள்! ஒவ்வொரு நீருக்கும் ஒவ்வொரு கலம் என்று கண்டவர் நம் முன்னோர். அவ்வளவையும் வகுப்பில் மனப்பாடம் செய்விக்கும் நாம், பயணம் என்றதும் இருக்கும் கலங்களுள் பெரியதையே கைகாட்டுகிறோம்.

முகவர் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்டிருக்கிறார். பட்டியலில் இருந்து எங்கள் இருவர் பெயரையும் அடித்துவிடும்படி இளைய நண்பரிடம் சொல்லிவிட்டேன். மே மாத இறுதியில் ஸ்பிலிட்டுக்கு, இஸ்தான்புல் வழியாக, விலை கேட்டிருக்கிறேன். மலேசியக் கடவுச்சீட்டுக்கு அங்கே விசா தேவையில்லை. மற்ற இருவரும் இன்னும் யோசிக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் நேற்று என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "படிகள் எத்தனை இருக்கும்?" என்று கேட்டார்.