கொழுந்தை நிறுக்கும் கருவியும் கணக்கைக் கேட்கும் உரிமையும்

சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்பின் பெறுமதி நிறுவையிடத்தில்தான் முடிவாகிறது. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் கொழுந்தை நிறுக்கிறார்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பாலை அளக்கிறார்கள். அங்கே விழும் எண்ணை வைத்தே அன்று முழுநாள் சம்பளமான முழுப்பேரா, பாதியான அரைப்பேரா என்பது தீர்கிறது. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எவ்வளவு கழிப்பது என்ற தகராறு பெருந்தோட்டத் தொழிலளவு பழையது. இப்போது அந்த இடத்துக்கு டிஜிட்டல் தராசு வரத் தொடங்கியிருக்கிறது. தொழிலாளியின் அட்டையை அது வாசிக்கும், எடையைத் தானே பதியும், தோட்ட அலுவலகக் கணினிக்கு அனுப்பும். கொழுந்து வெட்டும் இயந்திரமும் மருந்து தெளிக்கும் ட்ரோனும் அதன் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன. நாட்டு மக்கள் அனைவருக்கும் டிஜிட்டல் அடையாளம் வழங்கும் திட்டத்தை அரசு இந்தியாவின் உதவியோடு முன்னெடுக்கிறது. இவை தோட்ட வாழ்க்கையை மாற்றப்போவது உறுதி. நல்லதாக மாற்றுமா, கெட்டதாக மாற்றுமா என்பது கருவியின் திறமையைவிட இன்னொன்றைப் பொறுத்தது: அந்தக் கருவி எழுதும் கணக்கைத் தொழிலாளி பார்க்க முடியுமா, தவறென்றால் கேட்க முடியுமா, கேட்டால் திருத்தப்படுமா?

இந்தக் கேள்வி கணினியோடு பிறந்ததல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகரத்துண்டு கொடுக்கப்பட்டது. வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏற்றுவது என்பதை அது சொன்னது. வந்து சேர்ந்த பிறகு அவரைக் கட்டிப்போட்டது ‘துண்டு’ முறை. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று துரை எழுதிக் கொடுப்பார். அந்தத் தொகையைக் கட்டும் தோட்டத்துக்கே ஆள் மாற முடியும். தொகையைச் சொன்னவர்கள் கங்காணியும் துரையும். அந்தத் துண்டைச் சுமந்து திரிந்தவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாது. 1921இல்தான் சட்டம் அந்த முறையை ஒழித்தது. அடுத்து, 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. தந்தை இலங்கையில் பிறந்ததையோ, பாட்டனும் பூட்டனும் பிறந்ததையோ நிரூபிக்கச் சொன்னபோது, லயங்களில் பிறந்தவர்களிடம் பத்திரம் இருக்கவில்லை. ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவரானார்கள். அந்தக் கணக்கைத் தீர்த்து முடிக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை போக வேண்டியிருந்தது. முதல் தடவை பிறர் எழுதிவைத்த பதிவு இந்தச் சமூகத்தை விழுத்தியது, இரண்டாம் தடவை எழுதப்படாத பதிவு விழுத்தியது. பதிவு முறை ஒன்று மாறும்போதெல்லாம் மலையகத் தமிழர் கூர்ந்து பார்க்க வேண்டியதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இன்றைய சம்பள அமைப்பு அந்தக் கவனத்தை அவசரமாக்குகிறது. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என நிர்ணயமானது. அதற்கு மேல் கிடைப்பது மேலதிகமாக எடுக்கும் கிலோவைப் பொறுத்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, வருகைக்கென அரசு 200 ரூபாய் தரும் என முன்மொழிந்தது. ஆக, சம்பளத்தில் ஒரு பகுதி எடையோடும் இன்னொரு பகுதி வருகைப் பதிவோடும் கட்டப்பட்டிருக்கிறது. 2021இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாயைக் கொண்டுவந்தபோது தோட்டங்கள் பலவற்றில் நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய கிலோ உயர்த்தப்பட்டு, எட்டாதவர்களுக்கு அரைப்பேர் விழுந்தது. சம்பளம் உயர்ந்ததாக வர்த்தமானி சொன்னது, கையில் வந்த தொகையைத் தராசு சொன்னது. இப்படிப்பட்ட அமைப்பில் தராசை மாற்றுவது சம்பள ஒப்பந்தத்தையே மாற்றுவதற்குச் சமம். அதைப் புதிய உபகரணக் கொள்வனவு என்ற அளவில் நிர்வாகம் தனியே முடிவுசெய்யக் கூடாது.

கம்பனித் தரப்பின் பதில் எளிமையானது: இயந்திரத்துக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது, கணக்கப்பிள்ளையின் பென்சிலைவிட அது நேர்மையானது. இதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்கத் தேவையில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் ஊரக வேலைத் திட்டக் கூலியையும் முதியோர் உதவிப்பணத்தையும் கைரேகை அட்டை வழியாகக் கொடுத்ததைப் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் சகாக்கள் இருவரும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். பணம் விரைவாக வந்தது, இடையில் களவு போவது குறைந்தது. ஆனால் அதே ஆய்வாளர்கள் பின்னர் ஜார்க்கண்ட் ரேஷன் கடைகளை ஆராய்ந்தபோது வேறு கதை தெரிந்தது: ஆதார் சரிபார்ப்பு அங்கே கட்டாயமாக்கப்பட்டபோது உரிய குடும்பங்களே தங்கள் பங்கை இழந்தன. இரண்டு இடத்திலும் கைரேகைதான். ஆந்திராவில் அட்டை இல்லாதவருக்கும் பணம் கொடுக்க வழி விடப்பட்டிருந்தது. ஜார்க்கண்டில் இயந்திரம் ஏற்காதவருக்குக் கதவு மூடியது. கருவி நேர்மையானதா என்று மட்டும் கேட்பது போதாது என்பதற்கு இதுவே சான்று. கருவி தவறும்போது நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கருவிகள் தவறும், அதிலும் உடலுழைப்பாளர் மத்தியில் அதிகம் தவறும். அரசுச் சேவைகளில் ஆதார் சரிபார்ப்பு 12 சதவீத அளவுக்குத் தோற்பதாக 2018இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கே கணக்கு கொடுக்கப்பட்டது. கொழுந்துக் கறை ஏறிய விரலும், பால் வெட்டும் கத்தியும் அமிலமும் தேய்த்த விரலும் அலுவலக ஊழியரின் விரலைப் போல வாசிக்கப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்தியாவின் அதே ஊரக வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் வருகையைக் கைபேசிச் செயலியில் படத்தோடு பதிவது கட்டாயமானது. சிக்னல் கிடைக்காததாலும் படம் ஏறாததாலும் செய்த வேலைக்கான கூலியை இழந்தவர்கள் டில்லியில் நாட்கணக்கில் போராடினார்கள். சப்ரகமுவவின் பள்ளத்தாக்குகளில் சிக்னல் நிலை அதைவிட மேலானதல்ல. மழைக்காலத்தில் மின்சாரமும் நின்றுவிடும். வருகைக்கான 200 ரூபாய் இப்படியொரு பதிவில் தொங்குமானால், மலையேறி வேலை செய்தவர் வராதவராகிவிடுவது நடக்கக்கூடியதே.

இறப்பர் தோட்டங்களில் சிக்கல் இன்னும் ஆழம். நாட்டின் முக்கிய இறப்பர் மாவட்டங்களில் கேகாலையும் ஒன்று. பால் எத்தனை லீற்றர் என்பது கண்ணுக்குத் தெரியும். அதில் உலர் இறப்பர் எத்தனை வீதம் என்பது தெரியாது. மரத்துக்கு மரம், மழைக்கு மழை அது மாறும். மெட்ரோலாக் என்ற அளவைக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு வாசிப்பவர் சொல்வதே கணக்கு. பத்து லீற்றர் பாலில் இரண்டு புள்ளி குறைத்து வாசித்தால் ஏறக்குறைய 200 கிராம் இறப்பர் கணக்கில் வராமல் போகும். ஒரு மாதத்துக்குச் சேர்த்தால் அது சிறிய தொகையல்ல. டிஜிட்டல் அளவை உண்மையில் உதவக்கூடிய இடம் இதுதான். வாசிப்பு பெரிய எழுத்தில் தொழிலாளிக்கும் தெரிந்து, அன்றைய லீற்றரும் வீதமும் அவர் கைபேசிக்குத் தமிழில் வந்தால், நூறு ஆண்டுகளாக ஒரு பக்கம் மட்டும் அறிந்திருந்த கணக்கு இரு பக்கத்துக்கும் பொதுவாகும். அதே கருவியின் திரை நிர்வாகத்தின் பக்கம் மட்டும் திரும்பியிருந்தால், பழைய ஐயத்துக்குக் கணினியின் முத்திரை கிடைத்ததைத் தவிர வேறொன்றும் நடக்காது.

சப்ரகமுவவுக்கே உரிய இன்னொரு இடர் பெயரில் இருக்கிறது. நுவரெலியாவைப் போல இங்கே தோட்டங்கள் தொடர்ச்சியாக இல்லை. சிங்களக் கிராமங்களுக்கும் சிற்றுடைமைகளுக்கும் நடுவே சிதறிக் கிடக்கின்றன. பிறப்புப் பதிவு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. தமிழ்ப் பெயர் ஒன்று பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் மூன்றாவது விதமாகவும் கிடப்பது இங்கே வழமை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொழிலாளியின் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் சேர்ந்து வளரும் ஊழியர் சேமலாப நிதியை ஓய்வின்போது பெறப்போனால், அந்த மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது. மனிதர் இருக்கும் அலுவலகத்தில் சத்தியக்கடதாசியாவது ஏற்கப்படும். கணினிக்கு அந்த நெகிழ்வு கிடையாது. பெயர்களைச் சரிசெய்யாமல் டிஜிட்டல் அடையாளத்தை அவற்றின் மேல் கட்டினால், எழுதுவினைஞர் ஒருவரின் கைத்தவறு ஒரு குடும்பத்தின் நிரந்தரத் தடையாகிவிடும். அரசின் அஸ்வெசும நலன்புரி உதவித் திட்டம் இதற்கு முன்னறிவிப்பு. 22 குறிகாட்டிகளை வைத்துக் கணித்த அந்தத் திட்டம் 2023இல் வந்தபோது மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. எந்தக் குறிகாட்டியில் தாம் தவறினோம் என்பதே பலருக்குத் தெரியவில்லை.

தொழிலாளர் இந்தக் கணக்கையெல்லாம் படித்து என்ன செய்யப்போகிறார்கள், எண்ணைக் காட்டினால் புரியுமா என்ற மறுப்பும் உண்டு. இதற்கு ராஜஸ்தான் 1990களிலேயே பதில் சொல்லிவிட்டது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு கிராமப் பொதுப்பணிகளின் கூலிப் பதிவேடுகளை வாங்கி ஊர்க் கூட்டத்தில் உரக்க வாசித்தது. எழுதப்படிக்கத் தெரியாதவர்களே எழுந்து, தாங்கள் போகாத நாளுக்குத் தங்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பதைச் சுட்டினார்கள். இந்தியாவின் தகவல் அறியும் சட்டத்துக்கு வழி திறந்தவற்றில் அந்தக் கூட்டங்கள் முதன்மையானவை. தன் உழைப்பின் கணக்கைச் சரிபார்க்கப் பட்டப்படிப்பு தேவையில்லை. இன்று லயங்களில் கைபேசி இல்லாத வீடு குறைவு. கைபேசி இல்லாதவருக்கு நிறுவையிடத்திலேயே அச்சாகும் சிறு சீட்டு போதும்.

இறுதி மறுப்பு இன்னும் கடுமையானது. இளையவர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள், ஆளில்லை, செலவு ஏறுகிறது. தொழில் பிழைக்க வேண்டுமானால் இயந்திரத்தை நிபந்தனையின்றி வரவேற்க வேண்டும் என்கிறார்கள். ஆட்பற்றாக்குறை உண்மைதான். இறப்பரில் எதிபோன் என்ற ஊக்கியைப் பூசி, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை மட்டும் பால் வெட்டும் முறை வந்ததற்கும் அதுவே ஒரு காரணம். ஆனால் ஆள் குறையக் குறைய எஞ்சியிருப்பவரின் ஒவ்வொரு கிலோவும் கூடுதல் பாரம் சுமக்கிறது. மலையைப் பிரித்துத் தொழிலாளர் குடும்பத்திடம் பராமரிக்கக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று விலை தரும் முறையைக் கம்பனிகள் விரும்புகின்றன. அந்த முறையில் நாட்சம்பளம் என்ற தரையே கிடையாது. எடை ஒன்றே வருமானம். நம்பத்தகுந்த கணக்கு இல்லாமல் எந்தக் குடும்பமும் அந்த ஏற்பாட்டுக்குள் மனமொத்து வராது. ஆகவே தொழிலாளிக்குக் கணக்கைக் காட்டுவது கம்பனிக்கும் இலாபமே.

செய்ய வேண்டியவை பெரிய செலவு கேட்பவை அல்ல. ஒவ்வொரு நிறுவைக்கும் தமிழில் சீட்டோ குறுஞ்செய்தியோ தரப்பட வேண்டும். கருவியோ சிக்னலோ தவறினால் கையெழுத்துப் பதிவு செல்லுபடியாக வேண்டும், அதற்காக அரைப்பேர் விழக் கூடாது. தவறான எண்ணைச் சம்பள நாளுக்கு முன் திருத்த, தொழிற்சங்கப் பிரதிநிதியும் அமரும் ஒரு ஏற்பாடு வேண்டும். டிஜிட்டல் அடையாளத்துக்குப் பதிவு செய்வதற்கு முன், தமிழ் அலுவலரோடு நடமாடும் சேவை தோட்டம் தோட்டமாகச் சென்று பெயர்களைச் சரிசெய்ய வேண்டும். தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் உரிமை தரும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022லேயே நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகளை நடைமுறைப்படுத்துவதுதான் தள்ளிப்போனது. கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கம்பனிகள் 2021இல் விலகிய பிறகு வேலை நிபந்தனைகளைப் பேச உறுதியான மேசை இல்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கங்கள் சம்பளத் தொகையோடு கணக்கைப் பார்க்கும் உரிமையையும் எழுத்தில் கேட்க வேண்டும். இரத்தினபுரியிலிருந்து தெரிவான சுந்தரலிங்கம் பிரதீப் இன்று பெருந்தோட்ட அமைச்சின் பிரதி அமைச்சர். டிஜிட்டல் தராசுக்கான விதிமுறையை வர்த்தமானியில் கொண்டுவர முதலில் முயல வேண்டியது அந்த அமைச்சே. கருவிகள் எல்லாத் தோட்டங்களிலும் நிலைகொண்ட பின் விதி எழுதினால், நிர்வாகம் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதே விதியாக எழுதப்படும்.