டிராயிங் வராதா? ஒரு டீ சொல்லுங்க!

"எனக்கெல்லாம் டிராயிங் வராதுப்பா!"ன்னு பாட்டனி ரெக்கார்டை ஃப்ரெண்டு தலையில கட்டிட்டு, பரோட்டா வாங்கிக் குடுத்தே டிகிரி முடிக்கிற ஆளா நீங்க? இந்த வாரம் உங்களுக்குத்தான்!

மல்லசமுத்திரத்துல திருச்செங்கோடு பஸ்ஸுக்கு வெயிட்டிங். டீ குடிச்சாச்சா? அந்தக் காலி கிளாஸ்தான் மாடல்.

ஸ்டெப் 1: கையை நீட்டி பென்சிலைப் பிடிங்க. ஒரு கண்ணை மூடி, கிளாஸோட அகலம் உயரத்துல எத்தனை பங்குன்னு அளங்க.

ஸ்டெப் 2: லேசா ஒரு நடுக்கோடு. ரெண்டு பக்கமும் சம தூரத்துல ஓரக்கோடு.

ஸ்டெப் 3: இங்கேதான் எல்லாரும் வழுக்குவோம். கிளாஸ் வாய் வட்டம்னு மூளை சொல்லும். கண்ணுக்குத் தெரியறதோ நசுங்கின வட்டம். அடிப்பக்கமும் நேர்கோடு இல்லீங்க. மேலேருந்து பார்த்தா, அங்கே நசுங்கல் இன்னும் கம்மி!

ஸ்டெப் 4: டேபிள்ல நிழல் விழுற இடத்துல 2பி பென்சிலால தீட்டுங்க.

ரப்பர் பைக்குள்ளேயே இருக்கட்டும். தப்பான கோட்டுக்குப் பக்கத்துலயே சரியான கோட்டைப் போடுங்க. எங்கே தப்புன்னு அப்பதான் புரியும்.

1919-ல நாமக்கல்ல பிறந்த ஓவியர் சில்பி, கோயில் கோயிலாப் போய், சிலைக்கு முன்னாடியே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைஞ்சவர். ஆனந்த விகடன்ல 'தென்னாட்டுச் செல்வங்கள்'னு வந்ததெல்லாம் அப்படி வரைஞ்சதுதான். அவ்வளவு பெரிய கையே எதிர்ல வெச்சுப் பார்த்துதான் வரைஞ்சிருக்கு பாஸ்!

தெரிஞ்சதை வரையாதீங்க, தெரியறதை வரைங்க. பத்து கிளாஸ் வரைஞ்சுட்டு, அப்புறம் சொல்லுங்க 'வராது'ன்னு. அடுத்த ரெக்கார்டு உங்க கையாலதான், ஓ.கே.வா?